அரை மணி முன்னாடி கழட்டி விடு, தாயி!

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு வருகிறவர்கள் எடை மெஷினில் ஏறுவதை நீங்கள் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றுவார்கள். சட்டைப் பையில் இருக்கும் செல்போன், சாவிக்கொத்து, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து மனைவி கையில் கொடுப்பார்கள். டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இடுப்பு பெல்ட்டையும் உருவிவிடுவார். "நூறு கிராமாவது குறையும்லா?" என்று என் முகத்தைப் பார்ப்பார். முள் எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதும், அவருக்கு எவ்வளவு திட்டு விழும் என்பதும் முடிவாகும். புதன், வெள்ளியில் இந்தப் பாடு இல்லை. வெள்ளிக்கிழமை போனவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் தாண்டித் திங்கட்கிழமைதான் வருகிறார்கள். நடுவில் ஒரு கல்யாணமோ சடங்கோ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் டயாலிசிஸ் டெக்னீசியன். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மெஷின்களோடுதான் என் பிழைப்பு. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவார். நாலு மணி நேரமும் கூடவே இருப்பது எங்கள் ஆட்கள். அதனால் சில விஷயங்கள் எங்களுக்கு முதலில் கண்ணில் படும். புதிதாக வருகிறவர்கள் ஊசியைப் பார்த்துப் பயப்படுவார்கள், குழாயில் ஓடும் ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். அந்தப் பயம் ஒரு மாதத்தில் போய்விடும். ஐந்து வருஷம், பத்து வருஷம் ஓடியவர்கள் பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. அவை சத்தம் போடாது, மெஷினில் அலாரமும் அடிக்காது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் வேலை பார்க்கும். எங்கள் மெஷினுக்குக் கிடைப்பது வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி, ஆக 12 மணி நேரம். யூரியா, பொட்டாசியம் மாதிரி சின்னச் சின்னப் பொருள்களை மெஷின் மளமளவென்று எடுத்துவிடும். சற்றுப் பெரியவற்றை எடுக்கத் திணறும். ரத்தம் ஊற வைப்பது, எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைப் பக்குவப்படுத்துவது போன்ற வேலைகளை அதனால் செய்யவே முடியாது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நல்ல சிறுநீரகத்தின் வேலையில் பத்தில் ஒரு பங்கு, போனால் போகிறதென்று இன்னும் கொஞ்சம். அந்த ஒரு பங்கை வைத்துக்கொண்டு மகள் கல்யாணத்தை முடித்து, பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்கள் எங்கள் யூனிட்டில் இருக்கிறார்கள். ஆனால் எடுபடாமல் போன மிச்சம் எங்கேயும் போய்விடவில்லை. உடம்பில்தான் தங்குகிறது.

அப்படியிருக்கையில் அந்த நாலு மணியிலும் கை வைக்கிறவர்களை என்ன சொல்ல? மூன்றரை மணி ஆகும்போது ஆரம்பிக்கும்: "அரை மணி முன்னாடி கழட்டி விடு தாயி, பஸ்ஸு போயிரும்." "இன்னைக்கு மட்டும்தான்." "போன தடவைதான் நல்லா ஓடிச்சே." இந்த அரை மணியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் இதோடு ஒட்டி வருவதுதான்.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். சிறுநீர் அநேகமாக நின்றுபோனவருக்குக் குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். டீ, மோர், ரசம், குழம்பு எல்லாம் தண்ணீர்தான். மெஷின் அதை ரத்தத்திலிருந்து பிழிந்து எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் எடுத்தால் இதயம் தாங்காது என்று டாக்டர்கள் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780 மில்லி. நாலு மணி ஓடினால் 3 லிட்டர் பக்கம் எடுக்கலாம். மூன்றரை மணிக்கு 2.7 லிட்டர்தான். நாலரை கிலோ ஏறி வந்துவிட்டு, அரை மணியும் குறைக்கச் சொன்னால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: தண்ணீர் மிஞ்சும், அல்லது வேகமாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் பி.பி. சரியும், கொட்டாவி வரும், வேர்த்துக் கொட்டும், கெண்டைக்காலில் குரக்குவலி பிடித்து ஆள் கட்டிலில் எழுந்து நிற்கப் பார்ப்பார். வெளியே தெரிவது இவ்வளவுதான். உள்ளே பி.பி. ஒவ்வொரு தடவை சரியும்போதும் இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறது. சில இடங்கள் அந்த நேரத்துக்கு மரத்துப் போகின்றன. வருஷக்கணக்கில் இது நடந்தால் மரத்த இடம் திரும்ப எழுந்திருக்காது.

தண்ணீரைக் குறை என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாகம் எடுக்கிறவனிடம் குடிக்காதே என்றால் எப்படி? தாகத்தைக் கிளப்புவது உப்பு. சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. உடம்பும் அதே கணக்கில்தான் வைத்துக்கொள்ளும். 9 கிராம் உப்பு உள்ளே போனால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டு வாங்காமல் விடாது. அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மாங்காய் ஊறுகாய் நாலையும் விட்டவருக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு தானாக வரும்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வரும் அந்த இரண்டு நாள் இடைவெளி சும்மா பேச்சுக்குச் சொல்வது இல்லை. 2011-ல் அமெரிக்காவில் 32,000 டயாலிசிஸ் நோயாளிகளின் விவரங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. இரண்டு நாள் இடைவெளி முடிந்து வருகிற நாளில் இறப்பு விகிதம், நூறு பேருக்கு ஆண்டுக்கு 22 என்ற கணக்கில் இருந்தது. மற்ற நாட்களில் 18. மாரடைப்பு, மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேருவதும் அன்றைக்குத்தான் கூடுதல். எங்கள் யூனிட்டில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை கூடுதலாகச் சரிபார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

நேரத்தைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பிரான்ஸில் லியோன் நகரத்தை ஒட்டி தாசென் என்று ஓர் ஊர். அங்கே பெர்னார்ட் ஷர்ரா என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் எட்டு மணி நேரம் டயாலிசிஸ் செய்தார்கள். உப்பையும் கட்டுப்படுத்தினார்கள். 1992-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, பெரும்பாலானவர்களுக்கு பி.பி. மாத்திரையே தேவைப்படவில்லை. அவர்கள் ஆட்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிக காலம் இருந்தார்கள். நம் ஊரில் எட்டு மணி நேரம் ஒரு மெஷினை ஒருவருக்கே கொடுக்க முடியாது, வெளியே அடுத்த ஷிப்ட் ஆள் காத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் நாலை மூன்றரை ஆக்காமல் இருக்கலாமே!

எடை பற்றி இன்னொன்று. தண்ணீர் இல்லாமல் ஓர் ஆளின் சரியான எடையை ட்ரை வெயிட் என்போம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்கு 58 கிலோ என்று எழுதி வைத்திருந்தோம். மாதக்கணக்கில் 58-க்கே இறக்கி அனுப்பினோம். எடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் படுத்தால் இருமல், பி.பி. மாத்திரை மூன்றாகிவிட்டது. ஒருநாள் அவர் வீட்டம்மா, "வாட்ச்சு முழங்கை வரைக்கும் ஏறுது சிஸ்டர்" என்றார். சதை கரைந்திருக்கிறது, கரைந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது, முள் மட்டும் 58-லேயே நிற்கிறது. டாக்டர் ட்ரை வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக 54-க்கு இறக்கினார், இருமல் நின்றது. சதை ஏன் கரைந்தது என்று தேடியபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அது டி.பி. என்று தெரிந்தது. டயாலிசிஸ் ஆட்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு; அவர்களுக்கு டி.பி. நுரையீரலை விட்டுவிட்டு நெறியிலும் எலும்பிலும் வயிற்றிலும் வரப் பார்க்கும். சளி இல்லை, ரத்தம் துப்பவில்லை என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. சாயந்தரம் லேசாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள்.

இப்படி வருஷக்கணக்கில் ஓடும் நீண்டகால டயாலிசிஸின் வரலாறே 1960-ல் சியாட்டிலில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் மெஷின் இருந்தது. நெதர்லாந்தில் வில்லம் கோல்ஃப் 1943-லேயே செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ரத்தக்குழாயை வெட்ட வேண்டும். பத்துப் பதினைந்து தடவையில் வெட்ட இடம் இருக்காது. பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர் தமனியையும் சிரையையும் இணைத்து வெளியே டெஃப்ளான் குழாய் வைத்தார். அதை முதலில் பொருத்திக்கொண்டவர் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற மெஷினிஸ்ட். சாகக் கிடந்தவர் பதினோரு வருஷம் இருந்தார். 1971-ல் இறந்தது மாரடைப்பில். முதல் ஆளே காட்டிவிட்டுப் போன பாதை அது: சிறுநீரகம் போனவரை அநேகமாகக் கொண்டுபோவது இதயம்.

ஏன் இதயம்? தண்ணீர் ஒரு காரணம், பி.பி. ஒரு காரணம். அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணம் பாஸ்பரஸ். பால், முட்டை, பருப்பு, கறி, கோலா பானம் எல்லாவற்றிலும் இருக்கிறது. சாதாரணச் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் உள்ளே போகும். அதில் பாதிக்கு மேல் ரத்தத்தில் சேரும். ஆக வாரத்துக்கு 3500-க்குக் குறையாது. ஒரு டயாலிசிஸில் வெளியேறுவது 800-லிருந்து 1000. மூன்று தடவை வந்தாலே துண்டு விழுகிறது. இரண்டு தடவை மட்டும் வருகிறவர் கதையை நீங்களே கூட்டிப் பாருங்கள். அதோடு, பாஸ்பரஸ் ரத்தத்தில் கொஞ்சம்தான் இருக்கும். பெரும்பகுதி எலும்பிலும் செல்களுக்குள்ளும் இருக்கிறது. அங்கிருந்து மெதுவாகத்தான் வெளியே வரும். மெஷினை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பிரயோஜனம் இல்லை, நேரம் கொடுத்தால்தான் வரும்.

வராமல் தங்கினால் முதலில் அரிப்பு. முதுகைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துச் சட்டை கிழிந்துபோன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சொறி என்று களிம்பு தடவிக்கொண்டே இருப்பார்கள். அடுத்தது கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு சின்னச் சுரப்பிகள், பாராதைராய்டு. பாஸ்பரஸ் ஏறி, வைட்டமின் டி குறைந்து, கால்சியம் இறங்கினால் இவை ஓயாமல் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கும். எலும்பு வலிக்கும், பஸ் படியில் கால் இடறினாலே இடுப்பெலும்பு முறியும். பிடுங்கிய கால்சியம் பாஸ்பரஸோடு சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரிலும் இதய வால்விலும் போய்ப் படியும். எங்கள் வாத்தியாருடைய கை எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு மங்கலாக இருந்தது. அதன் ஓரமாக மணிக்கட்டு வரை இரண்டு வெள்ளைக் கோடு. ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தெரியக் கூடாது. இவருக்குத் தெரிந்தது.

இதற்குக் கொடுக்கும் மாத்திரைகள், கால்சியம் அசிடேட்டோ செவலமரோ, வயிற்றிலேயே பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறவை. அதனால் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும். காலை வெறும் வயிற்றில் பி.பி. மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டால் அந்த மாத்திரை எதைப் பிடிக்கும்? மருந்துச் சீட்டில் 1-1-1 என்று இருக்கிறதே தவிர, இலையில் உட்கார்ந்ததும் வாயில் போடு என்று யாரும் எழுதுவதில்லை. நான் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்கிறேன்.

பூக்கட்டும் அக்கா ஒருவர் வருகிறார். பத்து வருஷம் தாண்டிவிட்டார். மல்லிகையை நாலு நாலாக எடுத்து விரலில் நார் சுற்றி முடி போடும் வேகத்தை மெஷினில் படுத்துக்கொண்டே எங்களுக்கு நடித்துக் காட்டுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது என்றார். கையை உதறினால் சரியாகும். பிறகு பகலிலும் வந்தது. பூ கை நழுவியது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேடு வற்றிப் பள்ளமாகிவிட்டதைக் காட்டினார். மெஷின் ஓடும்போது அந்தக் கை இன்னும் குடைகிறது என்றும் சொன்னார், அதுதான் துப்பு.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று ஒரு புரதம் நம் எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை அன்றன்றைக்கு அழித்துவிடும். யூரியாவின் மூலக்கூறு எடை 60 என்றால் இதன் எடை 11,800. மெஷினில் ரத்தத்தை வடிகட்டுவது டயலைசர்; பழைய வகை டயலைசரின் துளையில் இது நுழையவே நுழையாது. வருஷக்கணக்கில் தேங்கி, மணிக்கட்டிலும் தோள்பட்டையிலும் மூட்டுகளிலும் பிசினாகப் படியும். மணிக்கட்டில் நரம்பு போகிற இடுக்கில் படிந்தால் இந்த மரப்பு. டயாலிசிஸ்காரர்களுக்கு வரும் இந்தப் படிவு எதனால் ஆனது என்று 1985-ல் ஜப்பானிய டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அக்காவுக்குச் சின்ன ஆபரேஷன், மணிக்கட்டில் அந்த இடுக்கைத் திறந்துவிட்டார்கள். ராத்திரித் தூக்கம் திரும்பியது; பூக்கட்டும் வேகம் பாதிதான் திரும்பியது. பெரிய துளை உள்ள ஹை ஃப்ளக்ஸ் டயலைசரில் இந்தப் புரதம் ஓரளவு போகும். அதிலும் நேரம்தான் பேசும். கை மரப்பைச் சர்க்கரையால் வந்தது, வயசால் வந்தது என்று தள்ளிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டினேன்.

கையைப் பற்றிப் பேசும்போது பிஸ்டுலாவையும் சொல்ல வேண்டும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ தமனியைச் சிரையோடு சேர்த்துத் தைத்துவிட்டால் சிரை பருத்து, தடித்து, ஊசி தாங்கும். 1966-ல் நியூயார்க்கில் பிரெஸ்சியாவும் சிமினோவும் அவர்கள் குழுவும் வெளியிட்ட முறை. இன்றுவரை அதைவிட நல்லது வரவில்லை. விரலை வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றிருந்தால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஓடி வந்தால் சில சமயம் திறக்க முடியும், இரண்டு நாள் கழித்து டயாலிசிஸ் அன்றைக்கு வந்து சொன்னால் முடியாது. அந்தக் கையில் பி.பி. பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடக் கூடாது, தண்ணீர்க் குடமும் தூக்கக் கூடாது.

ஒரே இடத்தில் குத்தினால் வலி குறைவு என்று, "அங்கேயே போடு" என்பார்கள். அந்த இடம் மெலிந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, மேல் தோல் பளபளக்கும். அப்படிப் பளபளத்தால், மேலே பொருக்குக் கட்டினால், அது உடைந்து ரத்தம் பீறிடலாம், உடனே காட்டுங்கள். ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இடம் மாற்றிக் குத்துவதுதான் முறை. வலிக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிஸ்டுலா இல்லாதவருக்குக் கழுத்தில் கதீட்டர் என்ற குழாய். மெஷின் போட்டுக் கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிக் குளிர்க்காய்ச்சல் வந்தால், கதீட்டருக்குள் குடியிருந்த கிருமி ரத்தத்தோடு உள்ளே போகிறது என்று எங்களுக்குத் தெரியும். போர்வை போர்த்திப் பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிற காரியம் இல்லை இது. ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். அந்தக் கிருமி இதய வால்விலோ முதுகெலும்பிலோ போய் உட்கார்ந்தால் மாதக்கணக்கில் அவஸ்தை. கதீட்டரை நனைத்துத் தலைக்குக் குளிப்பவர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி.

ரத்தச்சோகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்டின் சிறுநீரகத்தில் சுரப்பது. அது ஊசியாக 1989-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். இப்போதும் சிலர் ஊசிச் செலவுக்குப் பயந்து, "ஒரு பாட்டில் ரத்தம் போட்டு விடுங்க" என்கிறார்கள். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் அந்நிய அணுக்களுக்கு எதிராக உடம்பைத் தயார்ப்படுத்துகிறது. நாளைக்கு மாற்றுச் சிறுநீரகம் வரும்போது பொருத்தம் கிடைக்காமல் போவதற்கு அதுவும் காரணமாகும். ரத்தத்தின் வழி தொற்றும் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின், தனி அறை. அதில் சமரசம் கிடையாது. சி வந்தால் முன்பு கலங்குவோம். இப்போது 12 வாரம் மாத்திரை போட்டால் அநேகருக்கு முழுதாகக் குணமாகிறது.

பொட்டாசியம் மட்டும் வருஷக்கணக்கில் காத்திருக்காது, ஒரே ராத்திரியில் ஆளை முடித்துவிடும். வெயில் காலத்தில் உடம்புச் சூட்டைத் தணிக்கிறேன் என்று ஓர் இளநீர் குடிப்பதில் என்ன வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு டம்ளர் இளநீரில் 500 மில்லிகிராம் பொட்டாசியம் வரை இருக்கும். பதநீரும் அப்படித்தான். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியை மறுவீட்டு விருந்தில் இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றிக்கொண்டு வந்த ஒருவர், கால் துவண்டு எடை மெஷினில் ஏற முடியாமல் நின்றார். கால் துவளுவது கடைசி எச்சரிக்கை. பல பேருக்கு அதுவும் வராமல் இதயம் நின்றுவிடும். நட்சத்திரப் பழம் என்கிற தமரத்தங்காய் இன்னும் மோசம், அதில் நரம்பைத் தாக்கும் விஷமே இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், டயாலிசிஸ்காரருக்கு ஓயாத விக்கலும் குழப்பமும் வலிப்பும் வரும். பி.பி.-க்கு நல்லது என்று கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த' உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள். இந்துப்பு பெரும்பாலும் சாதாரண உப்பேதான். வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தோடு மல்லுக்கட்டுவதே என் வேலையில் பாதி.

மெஷினுக்குப் போகும் தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தடவை டயாலிசிஸுக்கு 120 லிட்டர் தண்ணீர் ரத்தத்துக்கு அடுத்த பக்கத்தில், ஒரு மெல்லிய சவ்வு தாண்டி ஓடுகிறது. தாமிரபரணித் தண்ணீர் என்றால் எங்களுக்கெல்லாம் பெருமைதான், ஆனாலும் ஆர்.ஓ. பிளான்ட் தாண்டாமல் ஒரு சொட்டு உள்ளே விடமாட்டோம். 1970-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் டயாலிசிஸ் ஆட்கள் சிலருக்குப் பேச்சு குழறி, நினைவு தப்பி, வலிப்பு வந்து இறந்தார்கள். குடிநீரைத் தெளிய வைக்கப் போட்ட படிகாரத்திலிருந்த அலுமினியம் மூளையில் சேர்ந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. உங்கள் சென்டரில் தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபப்படக் கூடாது.

இனி எனக்கிருக்கும் ஒரு மனக்குறை. வாரம் மூன்று தடவை வர வேண்டியவர்களில் நிறையப் பேர் இரண்டு தடவைதான் வருகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவு அடங்கிவிடுகிறது, அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆனால் பஸ் செலவு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, மத்தியானச் சாப்பாடு ஆகியவற்றை அந்தத் திட்டம் தருவதில்லை. பீடி சுற்றும் வீட்டில் ஒரு நாள் கூலி என்றால் சின்ன விஷயமா? சிறுநீர் இன்னும் நன்றாகப் போகிறவருக்கு ஆரம்பத்தில் இரண்டு தடவை போதலாம், அதை டாக்டர் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீர் நின்ற பிறகும் இரண்டிலேயே ஓட்டுவது, மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் வட்டியோடு வரவழைப்பதுதான். அரை மணி முன்னால் கழற்றச் சொல்வதற்கும் அந்தக் கடைசி பஸ்தான் காரணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் தூரத்து ஊர்க்காரர்களை முதல் ஷிப்டில் போட்டுத்தரச் சொல்லி நான் சண்டை பிடிக்கிறேன். டீக்கடை அண்ணாச்சி இப்போது நாலு மணியும் முடித்துவிட்டு ஐந்து நிமிஷம் கூடக் கிடந்து, "உம் மெஷினு லேட்டா ஓடுது" என்று என்னையே குறை சொல்கிறார்.

தூரத்து ஊர்க்காரர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் ஒரு வழி. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, இரண்டு லிட்டர் பையை நாளுக்கு மூன்று நாலு தடவை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதற்கும் தொல்லை உண்டு. கை கழுவாமல் மாற்றினால் வயிற்றில் சீழ் பிடிக்கும், வெளியே வரும் தண்ணீர் கலங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீரக மாற்றுக்குத் தகுதி உள்ளவர்கள் அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் பெயரைப் பதிந்து வைக்கத் தாமதிக்கக் கூடாது. வருஷம் ஏற ஏற இதயமும் ரத்தக்குழாயும் ஆபரேஷனைத் தாங்காமல் போகலாம்.

கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறது, இன்னும் டயாலிசிஸ் ஆரம்பிக்கவில்லை என்று இருக்கிற வீட்டுக்காரர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். வலது கைக்காரர் என்றால் இடது கையை இப்போதே ஒதுக்கி வையுங்கள்; குளுக்கோஸ் போடுவது, ரத்தம் எடுப்பது எல்லாம் வலது புறங்கையோடு முடியட்டும். பிஸ்டுலா வைத்தால் பழுத்து வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற அன்றைக்கு அதற்கு நேரம் இருக்காது, கழுத்துக் கதீட்டர்தான் போடுவார்கள். இரண்டாவது, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. சிறுநீரகம் கெட்டவருக்கு இரட்டை டோஸ், முதல் ஊசியிலிருந்து ஒன்று, இரண்டு, ஆறு மாதங்களில் என்று மொத்தம் நாலு தடவை. பிறகு ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஊசி போட்ட அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். நீங்கள் முதல் நாள் யூனிட்டுக்கு வரும்போது நான் கேட்கப்போகும் முதல் காகிதம் அதுதான்.